உழைப்புக் கொடையும் வருமான வரியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சுவாக்கில் வந்த கிளைக்கதைகள் சில நீக்கப்பட்டுள்ளன.)



சனிக்கிழமை மாலையில் வருமான வரியைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். அழைப்பிதழில் சிற்றுண்டி உண்டு என்று போட்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியானாலும் நன்றி.

தொண்டர்கள் கூடும் இடங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். ஒருவர் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஐயாயிரம் ரூபாய்க்குக் காசோலை எழுதுகிறார். ரசீது வருகிறது, வரியில் கொஞ்சம் குறைகிறது. இன்னொருவர் அதே நிறுவனத்துக்காக வாரம் தவறாமல் வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்குப் புண் துடைத்துக் கட்டுப் போடுகிறார். அவருக்குச் சல்லிக்காசு சலுகை கிடையாது. பணம் கொடுத்தவரை மதிக்கும் சட்டம் உடம்பால் உழைத்தவரை ஏன் மதிப்பதில்லை?

நெஞ்சில் தைக்கிற கேள்விதான். ஆனால் அதில் பாதிதான் சரி என்பது என் கட்சி. கொடுத்த நேரத்துக்கு வரிக்கழிவு கேட்பது கணக்குப்படி தவறு. ஏனென்றால் பணக்கொடைக்குக் கிடைக்காத சலுகை நேரத்துக்கு ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருக்கிறது, நாம் கவனிப்பதில்லை. சட்டம் உண்மையில் கைவிட்டது நேரத்தோடு சேர்ந்து தொண்டரின் பையிலிருந்து போகும் செலவை: பெட்ரோல், பஸ் கட்டணம், பஞ்சு, கையுறை, சில நேரம் நோயாளிக்கு வாங்கிப் போகும் இளநீர். நம் கோபம் அங்கே திரும்ப வேண்டும்.

அமெரிக்கச் சட்டத்தை இன்று அடிக்கடி தொடுவேன். அங்கே கொடைக்கான வரிக்கழிவு 1917-ஆம் ஆண்டுப் போர்க்கால வரிச் சட்டத்தில் வந்தது. அதிலிருந்து நூறாண்டுக்கு மேலாக இந்தக் கேள்வியை விதி எழுதியும் வழக்காடியும் தேய்த்திருக்கிறார்கள். நம் சட்டம் இதை ஒரு வரியில் முடித்துவிட்டது. பிறகு அந்த வரிக்கு வருகிறேன்.

1. கணக்கை முதலில் போட்டுப் பார்ப்போம்

ஒரு வழக்கறிஞர். மணிக்கு 5,000 ரூபாய் கட்டணம் வாங்குபவர், 30 விழுக்காடு வரி அடுக்கில் இருப்பவர், பழைய வரிமுறையில் கணக்குத் தாக்கல் செய்பவர். ஒரு முதியோர் இல்லத்துக்கு உதவ நினைக்கிறார். இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழியில் அவர் இன்னொரு கட்சிக்காரருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் வேலை பார்த்து, 5,000 ரூபாய் வாங்கி, அதை அப்படியே இல்லத்துக்குக் கொடுக்கிறார். அது வருமானம் ஆகிறது. வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவின்படி பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழியும். மீதி 2,500 ரூபாய்க்கு, மேல்வரியை விட்டுவிட்டால், 750 ரூபாய் வரி. கொடுத்தது 5,000, கைப்பிடிப்பு 750.

இரண்டாவது வழியில் அந்த ஒரு மணி நேரத்தை இல்லத்திலேயே செலவழித்து, முதியவர்களுக்கு உயில் எழுதிக் கொடுக்கிறார். இல்லத்துக்குக் கிடைத்தது அதே 5,000 ரூபாய் பெறுமான உதவி. அவருக்கு வரி? பூஜ்யம். அந்த மணி நேரத்துக்கு அவர் கட்டணம் வாங்கவில்லை, வாங்காத கட்டணத்துக்கு வரி இல்லை. வாங்கியதாக எழுதி, கொடுத்ததாக முழுவதும் கழித்தாலும் இதே பூஜ்யம்தான் வரும். சட்டம் இரண்டு வரிகளையும் எழுதாமல் நேராக விடையை எழுதிவிடுகிறது.

இதற்கு மேல் அந்த 5,000 ரூபாயை மற்ற வருமானத்திலிருந்தும் கழிக்க விட்டால், அவர் உழைத்ததற்கு அரசு 1,500 ரூபாய் கொடுத்ததாக ஆகும். அப்போது அது கொடை இல்லை, அரசு மானியத்தில் நடந்த வேலை.

இன்னும் இரண்டு சலுகைகள் இதில் ஒளிந்திருக்கின்றன. 80ஜி-யில் பெரும்பாலான நிறுவனங்களுக்கான கொடைக்கு, சரிசெய்யப்பட்ட மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு. நேரத்துக்கு உச்சவரம்பு இல்லை. ஒருவர் தன் வேலை நேரம் முழுவதையும் தொண்டுக்குக் கொடுத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. அடுத்தது, புதிய வரிமுறையில் 80ஜி கிடையாது. 2024 ஜூலை 31 வரை தாக்கலான 7.28 கோடி கணக்குகளில் 5.27 கோடி புதிய முறையில் வந்தவை. நம் வழக்கறிஞர் அந்த முறைக்குப் போனால் முதல் வழியில் 1,500 ரூபாய் வரி. இரண்டாவது வழியில் அப்போதும் பூஜ்யம்தான். பணக்கொடைக்கான சலுகையைச் சட்டம் சுருக்கச் சுருக்க, நேரக்கொடை ஒப்பீட்டில் உயர்ந்துகொண்டே போகிறது.

கிடைக்காத வருமானத்தைக் கிடைத்ததாகக் கருதுவது சட்டத்துக்குத் தெரியாத வித்தை என்று எண்ணிவிடாதீர்கள். வாடகைக்கு விடக்கூடிய வீட்டை நீங்கள் ஒரு மன்றத்துக்கு இலவசமாகக் கொடுத்தாலும், நியாயமாக என்ன வாடகை கிடைக்கும் என்று கணக்கிட்டு அதை ஆண்டு மதிப்பாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தின் வாசகம் இடம் தருகிறது. செங்கல்லுக்குச் செய்வதை உழைப்புக்குச் செய்யவில்லை. அதுவே பெரிய தாராளம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவிலும் இதே தர்க்கம் உண்டு. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின் கீழ் வரும் நிறுவனம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். ஊழியர்கள் ஒரு நாள் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தால் அந்த உழைப்பை ரூபாயாக மாற்றி இந்த 2 விழுக்காட்டில் சேர்க்க முடியாது என்று நிறுவன விவகார அமைச்சகம் தன் விளக்கத்தில் சொல்லிவிட்டது. பலர் இதைக் கஞ்சத்தனம் என்கிறார்கள். அந்த ஊழியரின் அன்றைய சம்பளத்தை நிறுவனம் ஏற்கெனவே தொழிற்செலவாகக் கழித்துக்கொண்டுவிட்டது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

2. திருமதி ரூஸ்வெல்ட்டும் இந்த மேடையும்

நேரமும் பணமும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று பார்க்க 1930-களின் அமெரிக்காவுக்குப் போகலாம். குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். விளம்பரதாரர் கொடுத்த பெருந்தொகை அவர் கைக்கு வராமல், குவேக்கர் சமயத்தவர் நடத்திய ஒரு தொண்டு அமைப்புக்கு நேராகப் போயிற்று. அவர் வரி கட்டவில்லை. 1937-இல் ஹாமில்டன் ஃபிஷ் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் இதைக் கிளப்பினார். வரித்துறை திருமதி ரூஸ்வெல்ட்டுக்கு அனுகூலமாகவே முன்னர் கருத்துச் சொல்லியிருந்தது. ஆனாலும் கேள்வி நியாயமானது. அந்தப் பணம் அவருடைய வருமானமாகக் கருதப்பட்டிருந்தால், அந்நாளைய சட்டப்படி நிகர வருமானத்தில் 15 விழுக்காடு வரைதான் கொடையாகக் கழித்திருக்க முடியும். மீதிக்கு வரி கட்டியிருக்க வேண்டும்.

இன்றைய அமெரிக்க விதி கோட்டைத் தெளிவாகப் போடுகிறது. தொண்டு நிறுவனத்துக்கே நேராக இலவசமாக வேலை செய்தால் உங்களுக்கு வருமானம் இல்லை. வேறொருவருக்கு வேலை செய்து, கூலியைத் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பச் சொன்னால் அது உங்கள் வருமானம். பிறகு கொடையாகக் கழித்துக்கொள்ளலாம், உச்சவரம்புக்கு உட்பட்டு. இந்தக் கோட்டில் வைத்துப் பார்த்தால் திருமதி ரூஸ்வெல்ட் தப்பியிருக்க மாட்டார்.

நம்மிடம் இதற்கு 1960-இல் உச்ச நீதிமன்றம் சீதல்தாஸ் தீரத்தாஸ் வழக்கில் கொடுத்த அளவுகோல் இருக்கிறது. பணம் உங்களை வந்து அடைவதற்கு முன்பே மேலான உரிமையால் திசைமாறிப் போனதா, அல்லது உங்களை அடைந்த பிறகு நீங்கள் செலவழித்தீர்களா? முதலாவது உங்கள் வருமானம் ஆகாது. இரண்டாவது ஆகும்.

இன்றைய சொற்பொழிவுக்கு அமைப்பாளர்கள் ஒரு மதிப்பூதியம் வைத்திருக்கிறார்கள். "அதை ஏதாவது நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று மேடையில் சொல்வது வழக்கம், கைதட்டலும் கிடைக்கும். சொல்பவர் அடுத்த ஜூலையில் அதைத் தன் வருமானத்தில் காட்ட வேண்டும் என்பது கைதட்டுபவர்களுக்குத் தெரியாது. அழைப்பை ஏற்கும்போதே "எனக்கு ஊதியம் வேண்டாம்" என்று எழுதியிருந்தால் காட்ட வேண்டியதில்லை. நான் எழுதவில்லை. வாங்கிக்கொள்கிறேன்.

3. உழைப்பு பொருளாக மாறும்போது

உழைப்பைக் கழிக்க முடியாது, பொருளைக் கழிக்கலாம் என்றால், உழைப்பைப் பொருளாக உறைய வைத்தால் என்ன? ஓவியர் தன் படத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கிறார். அமெரிக்காவில் 1969 வரை சந்தை விலை முழுவதையும் கழிக்க முடிந்தது. அந்த ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் அதை மூடியது. அதே படத்தை விலைக்கு வாங்கிச் சேகரித்தவர் கொடுத்தால் விதிகளுக்கு உட்பட்டு முழு விலை கழியும். வரைந்தவர் கொடுத்தால் துணிக்கும் வண்ணத்துக்கும் ஆன செலவுதான். கலைஞர்களுக்கு இன்றுவரை ஆறாத மனக்குறை இது. முதல் கணக்கின்படி பார்த்தால் சட்டம் சொல்வது சரிதான். படத்தில் உறைந்திருக்கும் உழைப்புக்கு அவர் வரி கட்டியதில்லை.

கடிதங்களுக்கும் தாள்களுக்கும் இந்தக் கதவு மூடிய நாள் 1969 ஜூலை 25. அதற்கு முன்பே தன் துணைத்தலைவர் காலத்துத் தாள்களைத் தேசிய ஆவணக்காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, அன்றைய குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சன் 5,76,000 டாலர் மதிப்பைக் கொடையாகக் காட்டினார். கொடைப்பத்திரம் 1970-இல் எழுதி, 1969 மார்ச் என்று முன்தேதி இடப்பட்டது பின்னர் வெளிவந்தது. நான்கு லட்சம் டாலருக்கு மேல் பாக்கி என்று 1974-இல் முடிவாயிற்று. பத்திரத்தில் கையெழுத்திட்ட உதவியாளர் சிறைக்குப் போனார். வாட்டர்கேட் ஊழல் ஆரவாரத்தில் இந்தக் கதை அமுங்கிவிட்டது. பதவி போன அதே ஆண்டில் வந்த இந்த வரிக்கணக்கைப் பொருளியல் மாணவர்கள் தனியாகப் படிக்க வேண்டும்.

இரத்ததானம் இன்னும் விசித்திரம். இரத்தம் பொருளா, சேவையா? சேவை, ஆகவே கழிவு இல்லை என்று 1953-இல் அமெரிக்க வரித்துறை சொன்னது. 1986-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒரு தம்பதியின் கோரிக்கையைத் தள்ளியது. ஆனால் 1980-இல் வேறொரு வழக்கு. அரிய வகை இரத்தம் கொண்ட ஒரு பெண் பிளாஸ்மாவை விற்றுப் பிழைத்துவந்தார். அவருக்கு அது பொருள் விற்பனை என்று நீதிமன்றம் ஏற்றது. ஆய்வகத்துக்குப் போய்வந்த பயணச் செலவையும் கழிக்கவிட்டது, ஏனென்றால் சரக்கைக் கொண்டுபோகும் பாத்திரம் அவரே. விற்றவருக்குப் பயணச் செலவு கழிந்தது. தானம் செய்தவருக்கு இரத்தத்தின் மதிப்பு கழியவில்லை.

4. பதினான்கு சென்ட்

இப்போது என் புகாருக்கு வருகிறேன். நேரத்துக்குக் கழிவு இல்லை என்று சொன்ன அதே அமெரிக்க விதி அடுத்த வாக்கியத்தில், தொண்டு செய்யும்போது ஏற்பட்டு யாரும் திருப்பித் தராத செலவைக் கொடையாகக் கழிக்கலாம் என்கிறது. தர்க்கம் பிசகவில்லை. பெட்ரோலுக்குக் கொடுத்த காசு வரி கட்டிய வருமானத்திலிருந்து போனது, அது பணக்கொடைதான். அன்றாடம் உடுத்த முடியாத சீருடை, வீட்டை விட்டு வெளியூரில் தங்கிய செலவு, சுங்கச்சாவடிக் கட்டணம் எல்லாம் இதில் அடங்கும். பயணத்தில் குறிப்பிடத்தக்க அளவு உல்லாசம் கலந்திருக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. தொண்டு செய்யப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த கூலி கழியாது. இளம் தாய்மார்கள் தொண்டுக்கு வர முடியாததற்கு முதல் காரணமே அதுதான், அதையே விட்டுவிட்டார்கள்.

ஒருவர் தன் காரில் முதியோருக்கு மதிய உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 20 மைல், வாரம் இரண்டு நாள், ஆண்டுக்கு சுமார் 2,000 மைல். கழிவு மைலுக்கு 14 சென்ட். இந்த விகிதத்தை நாடாளுமன்றம் சட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்தது, 1998 முதல் நடப்பில் இருக்கிறது, அதற்குப் பிறகு ஒரு சென்ட் ஏறவில்லை. தொழிலுக்காகக் கார் ஓட்டுபவரின் விகிதத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு வரித்துறையிடம் இருக்கிறது. 1998-இல் 32.5 சென்ட்டாக இருந்தது 2025-இல் 70 சென்ட். ஒரே கார், ஒரே சாலை, ஒரே பெட்ரோல் பங்க். காப்பீடு விற்கப் போனால் எழுபது, பட்டினி கிடக்கும் கிழவிக்குச் சோறு கொண்டுபோனால் பதினான்கு.

நம் உணவுத் தொண்டருக்கு 2,000 மைலுக்கு 280 டாலர் கழியும். 22 விழுக்காடு அடுக்கில் இருந்தால் 61 டாலர் 60 சென்ட் மிச்சம். அதுவும் செலவுகளை இனம்வாரியாகக் காட்டுபவராக இருந்தால்தான். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நிலையான கழிவைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிய பிறகு, பத்தில் ஒன்பது பேர் இனம்வாரிக் கணக்குக் கொடுப்பதே இல்லை. நிலையான கழிவை எடுப்பவரும் 2026 முதல் தனிநபராக 1,000 டாலர் வரை பணக்கொடையைக் கழிக்கலாம் என்று ஒரு சன்னல் திறந்திருக்கிறது. மைலுக்கு 14 சென்ட் மட்டும் அசையவில்லை.

மாற்ற முடியாது என்பதற்கில்லை. 2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, நிவாரணத்துக்குக் கார் ஓட்டியவர்களுக்குத் தொழில் விகிதத்தில் 70 விழுக்காடு என்று தற்காலிகமாகச் சட்டம் போட்டார்கள். அந்த ஆண்டின் கடைசி நான்கு மாதங்களுக்கு அது 34 சென்ட். தண்ணீர் வடிந்ததும் பழையபடி பதினான்கு.

செலவைக் கழிக்கலாம் என்று எழுதிவிட்டால் எவ்வளவு சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை போட வேண்டியிருக்கும் என்பதற்கு 2011-இல் அமெரிக்க வரி நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு. கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி தெருப்பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்விக்கும் அமைப்பு ஒன்றின் தொண்டர். வீடு நிறையப் பூனை. ஒரே ஆண்டில் எழுபது எண்பதைக் கவனித்தவர். கால்நடை மருத்துவர் பில், பூனை மணல், குப்பைப் பை, காகிதத் துண்டு, மின்சாரம், எரிவாயு என்று 12,068 டாலரைக் கொடைக் கழிவாகக் காட்டினார். வரித்துறை முழுவதையும் தள்ளியது. அவரே நின்று வாதாடினார். அவர் செய்தது அந்த அமைப்புக்கான தொண்டுதான் என்று நீதிமன்றம் ஏற்றது. சொந்தப் பூனைகளும் அதே வீட்டில் இருந்தனவே? மருத்துவச் செலவில் பெரும்பகுதி, துப்புரவுச் சாமான்களிலும் மின்கட்டணத்திலும் ஒரு பகுதி என்று நீதிபதி பங்கு பிரித்தார். கடைசியில் கவிழ்த்தது ஒரு கடிதம். 250 டாலரோ அதற்கு மேலோ ஆன ஒவ்வொரு செலவுக்கும் தொண்டு அமைப்பிடமிருந்து எழுத்து மூலமான ஒப்புகை வேண்டும். அவரிடம் இல்லை, ஆகவே அந்தத் தொகைகள் போயின. அதற்குக் குறைந்த சில்லறை பில்கள் நின்றன.

பில் இருந்தால் மட்டும் போதாது என்பதை 1990-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு காட்டியது. மார்மன் சபையின் ஊழியத்துக்குப் போன இரண்டு மகன்களுக்குப் பெற்றோர் பணம் அனுப்பினார்கள். சபை சொன்ன அளவில்தான் அனுப்பினார்கள், ஆனால் மகன்களின் சொந்தக் கணக்குக்கு. பணத்தின் மேல் சபைக்குச் சட்டப்படியான பிடி எதுவும் இல்லை, ஆகவே கொடை இல்லை என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். காசு எந்தக் கணக்கின் வழியாகப் போனது என்பது பக்தியைவிட முக்கியமாகிவிடுகிறது.

5. நம் சட்டத்தின் ஒரே வரி

80ஜி பிரிவின் ஐந்தாம் விளக்கம் சொல்வது இதுதான்: கொடை ஒரு பணத்தொகையாக இல்லாவிட்டால் கழிவு இல்லை. நூலகத்துக்கு உங்கள் தாத்தாவின் ஏடுகளைக் கொடுங்கள், வெள்ளத்தில் நூறு போர்வை கொடுங்கள், கழிவு இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் கழியாது. 2025-ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டத்தில் 80ஜி 133-ஆம் பிரிவாக இடம் மாறியிருக்கிறது, தொண்டரின் செலவுக்கு அங்கேயும் இடம் இல்லை. அமெரிக்கர் 14 சென்ட்டுக்கு முணுமுணுக்கிறார். நமக்கு அந்த 14 சென்ட்டும் கிடையாது.

வீட்டுக்கே சென்று நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு தொண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இருசக்கர வாகனம், வாரம் 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 ரூபாய். பஞ்சும் ஸ்பிரிட்டும் மருந்துக்கடையில் தன் காசிலேயே வாங்குகிறார். அதை ஒதுக்கிவிட்டு இந்த 7,000 ரூபாய்க்கு மட்டும் என்ன செய்யலாம்?

விவரம் தெரிந்த ஆடிட்டர்கள் சொல்லும் வழி இது. தொண்டர் மாதாமாதம் பயண வவுச்சர் எழுதுகிறார்: தேதி, கிராமம், கிலோமீட்டர், பெட்ரோல் பில். டிரஸ்ட் அதை அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறது. தன் வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்காகச் செலவிட்டாக வேண்டிய டிரஸ்ட்டுக்கு இது முறையான செலவு. தொண்டர் பிறகு, விரும்பினால், ஒரு தொகையை யூபிஐ-யிலோ காசோலையிலோ கொடையாக அனுப்புகிறார். இப்போது அது பணத்தொகை. ரசீது உண்டு. ஆண்டு முடிந்து மே 31-க்குள் டிரஸ்ட் படிவம் 10பிடி தாக்கல் செய்து, அவருக்கு 10பிஇ சான்றிதழ் கொடுக்கிறது. பழைய முறையில் 20 விழுக்காடு அடுக்கில் இருந்தால் அவருக்கு மிச்சம் 700 ரூபாய்.

எழுநூறு ரூபாய்க்கு இத்தனை காகிதமா என்று சிரிக்கலாம். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் இந்தச் சுற்றில் இரண்டு குழிகள் இருக்கின்றன. பணம் உண்மையில் கை மாறாமல், மார்ச் 31 அன்று புத்தகத்தில் மட்டும் செலவு ஒரு பக்கம், கொடை ஒரு பக்கம் எழுதினால் ஐந்தாம் விளக்கத்தின் முன் நிற்பது கடினம். இரண்டாவது குழி, திருப்பித் தருவேன் என்று முன்கூட்டி ஒப்புக்கொண்டால்தான் வவுச்சர் பாஸாகும் என்பது. அப்படியானால் இரண்டுமே நாடகம்.

ஜெர்மனி இந்த நாடகத்தை ஒழித்துச் சட்டமாகவே எழுதிவிட்டது. செலவைத் திருப்பிப் பெறும் உரிமை தொண்டருக்கு முன்பே ஒப்பந்தத்திலோ சங்க விதியிலோ இருக்க வேண்டும். விட்டுக்கொடுப்பாய் என்ற நிபந்தனையோடு அந்த உரிமை தரப்பட்டிருக்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால், தொண்டர் "வேண்டாம்" என்று விட்டுக்கொடுப்பதே கொடை. பணம் போய்த் திரும்ப வேண்டியதில்லை.

6. வரி கட்டாத தொண்டர்கள்

கழிவு என்பது வரி கட்டுபவருக்குத்தான். அதுவும் உயர்ந்த அடுக்கில் இருப்பவருக்குக் கூடுதலாக. நம் ஊரில் தொண்டு செய்பவர்கள் யார்? பெரும்பாலும் வீட்டை நடத்தும் பெண்கள், மாணவர்கள், சொற்ப ஓய்வூதியம் வாங்குபவர்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் லட்சக்கணக்கில் தன்னார்வலர்கள் வந்தார்கள், பெண்களே மிகுதி. அவர்களுக்கு 80ஜி-யைப் பற்றி வகுப்பு எடுத்திருந்தால் எழுந்து போயிருப்பார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். சாக்பீஸும் ஆட்டோவும் அதில் ஓடின. என்னைக் கேட்டால் எந்த வரிக்கழிவையும்விட அது மேல்.

ஆனால் அங்கேயும் ஒரு கோடு உண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் அதைத் தொட்டுப் பார்த்தது. அங்கே 60 வயதைத் தாண்டிய வீட்டுக்காரர் நகராட்சி நூலகத்திலோ பள்ளியிலோ வேலை செய்து, சொத்துவரியில் ஆண்டுக்கு 2,000 டாலர் வரை கழித்துக்கொள்ள நகரங்கள் அனுமதிக்கலாம். மணிக்கு மாநிலக் குறைந்தபட்சக் கூலிக்கு மேல் கணக்கிடக் கூடாது. மாநில அரசு இதை வருமானமாகப் பார்ப்பதில்லை. மத்திய வரித்துறையோ, மணிக்கு இவ்வளவு என்று விலை வைத்துவிட்டீர்கள், ஆகவே இது கூலி, வரி கட்டுங்கள் என்கிறது. நேரத்துக்கு விலை போட்ட அன்றே தொண்டர் தினக்கூலி ஆகிவிடுகிறார். மணிக்கு இவ்வளவு என்று மதிப்புப் போட்டுக் கழிவு கேட்பவர்கள் இந்த உதாரணத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு தன்னார்வத் துறை அமைப்பு ஆண்டுதோறும் தொண்டரின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மதிப்பை வெளியிடுகிறது. 2023-க்கு 33 டாலர் 49 சென்ட். நன்றி நவிலலுக்கு அழகான எண், வரிப் படிவத்துக்கு ஆகாது.

கனடா வேறு மாதிரி செய்தது. ஆண்டுக்கு 200 மணி நேரம் பணியாற்றும் தன்னார்வத் தீயணைப்பு வீரருக்கு 2011 முதல் ஒரே அளவான வரி வரவு கொடுக்கிறது. 2024-இல் அதன் அடிப்படைத் தொகையை 3,000 டாலரிலிருந்து 6,000 டாலராக உயர்த்தினார்கள். மருத்துவரானாலும் மரவெட்டியானாலும் ஒரே தொகை. மணிக்கு விலை இல்லை.

7. செய்யக்கூடியது

மாணவர்களில் சிலர் சட்டம் படிக்கப் போகிறீர்கள், சிலர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு. உங்களுக்காக இதைச் சொல்கிறேன். நேரத்துக்குக் கழிவு கேட்டு மனு எழுதாதீர்கள், தோற்பீர்கள், தோற்க வேண்டியதும்தான். செலவுக்கு எழுதுங்கள். தொண்டரின் பயணச் செலவையும் பொருட்செலவையும் அவர் விட்டுக்கொடுத்தால் பணத்தொகையாகக் கொள்ளலாம் என்று ஐந்தாம் விளக்கத்தின் வழியில் ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சம் வையுங்கள். கிலோமீட்டர் விகிதத்தைச் சட்டத்துக்குள் எழுதி உறைய விடாதீர்கள், அறிவிக்கையில் விடுங்கள். அமெரிக்கர்கள் செய்த தவறை நாம் அப்படியே வாங்க வேண்டியதில்லை.

போலி வவுச்சர் பெருகும் என்று வரித்துறை சொல்லும். சொல்லத்தான் வேண்டும், அது அவர்கள் வேலை. பதில் அவர்களிடமே இருக்கிறது. தொண்டு நிறுவனங்கள் சில ஆண்டுகளாகத் தாக்கல் செய்யும் படிவம் 10பிடி-யில் ஒவ்வொரு கொடையாளருக்கும் ஒரு வரிசை, அதில் பான் எண், தொகை, கொடை எந்த வடிவில் வந்தது என்ற கட்டம். அந்தக் கட்டத்தில் ரொக்கம், மின்னணு முறை, மற்றவை என்பவற்றோடு "பொருளாக" என்ற தேர்வும் இருக்கிறது. பொருளாகக் கொடுத்ததற்குக் கழிவு கிடையாது என்று சட்டம் சொல்லும் நாட்டில், துறையின் படிவம் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறது. அதன் கீழே "தொண்டர் விட்டுக்கொடுத்த செலவு" என்று இன்னொரு தேர்வைச் சேர்த்தால், யார், எந்த நிறுவனத்தில், எவ்வளவு என்பது துறையின் கணினியிலேயே நிற்கும்.